பெயரும் பொருளும் நிற்கும் வரிசை



பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பற்றிய சிறு நிகழ்ச்சியோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, காவிரிப் படுகையிலுள்ள ஓர் ஊரில் நான் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் நடந்தது அது. அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. என் வகுப்பில் நாற்பத்தொரு மாணவர்கள். அவர்களுடைய பெயர்கள் சேர்க்கை எண் வரிசையில் ஒரு தாளிலும், கணக்குப் பாடத்தில் அவர்கள் பெற்ற எண்கள் அதே வரிசையில் மற்றொரு தாளிலும் இருந்தன. பதிவேடு பார்வைக்கு அழகாக இருக்கவேண்டும் என்னும் ஆசையால், பெயர்களை மட்டும் அகர வரிசையில் திருத்தி எழுதினேன். பிறகு எண்களைப் பழைய தாளிலிருந்து மேலிருந்து கீழாக அப்படியே பெயர்த்து எழுதினேன். பெயர்கள் யாவும் சரி. எண்களும் யாவும் சரி. ஆனால் இன்னாருக்கு இன்ன எண் என்பது மட்டும் முற்றிலும் பிழையாகிவிட்டது.

அந்தப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படித்தேன். கணக்கில் கெட்டிக்காரனான ஒரு சிறுவனுக்கு 22 என்று வந்தது. அவன் எழுந்து நின்றான், ஒன்றும் பேசவில்லை, உட்கார்ந்துவிட்டான். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விடைத்தாள்களை மீண்டும் எடுத்துப் பார்த்தபொழுதுதான் அவன் பெற்றது 78 என்று தெரிந்தது. அன்று மாலையே வாய்க்கால் கரை வழியே அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. தந்தையும் மகனும் கதிர்க்கட்டு சுமந்து களத்தை நோக்கி வந்துகொண்டிருந்தனர். நான் பிழையை ஒப்புக்கொண்டேன். தந்தையார் சுமையை இறக்கிவைத்தார். “அன்னைக்கே சொன்னாங்க சார், கணக்கு நல்லாத்தான் எழுதினேன்னு. நான்தான் நம்பல” என்றார். மகன் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான்.

பெற்ற மகனுடைய சொல்லைக் காட்டிலும் ஒரு பட்டியலை அந்தத் தந்தை நம்பினார். எழுதப்பட்ட வரிசைக்கு உலகம் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது. ஆகவே, வரிசை என்பது எங்கிருந்து வருகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் கேள்வி என்னை விட்டு நீங்கவேயில்லை. அக்கேள்விக்கு நம் சோழ நாட்டுக் கல்வெட்டுகளும் நிகண்டுகளும் சுவடி நிலையமும் விடை கூறுகின்றன. இன்றைய கணிப்பொறியும் விடை கூறுகிறது. இவை யாவும் ஒரே கதையின் பகுதிகள் என்பதையே இப்பொழுது நாம் காணப்போகிறோம்.

ஒன்றைச் சொன்னால் மற்றொன்று கிடைக்குமாறு இணைத்து வைக்கப்பட்ட இரண்டில், முன்னதைத் திறவு என்றும் பின்னதை மதிப்பு என்றும் கூறுவோம். மாணவன் பெயர் திறவு; அவன் பெற்ற எண் மதிப்பு. சொல் திறவு; அதன் பொருள் மதிப்பு. இத்தகைய இணைகள் ஆயிரக்கணக்கில் சேரும்பொழுது இரண்டு வேலைகள் எழுகின்றன. ஒன்று, வேண்டிய ஒன்றை விரைவில் தேடி எடுத்தல். மற்றொன்று, தொகுதி முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை சுற்றி வருதல். தேடுவதற்கு ஏற்ற அமைப்பு சுற்றி வருவதற்கு ஏற்றதாக இருப்பதில்லை. சுற்றி வருவதற்கு இனிய அமைப்பு தேடுவதற்கு உதவுவதில்லை. இந்த இரண்டுக்கும் இடையே நடந்த இழுபறியே நம் வரலாறு.

முதலில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோம். இராசராசனுடைய இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டுக்குரிய, அஃதாவது கி.பி. 1014ஆம் ஆண்டளவிலான ஒரு பெருங் கல்வெட்டு அங்கே உள்ளது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனைப் பதிப்பித்தார்.

இப்பட்டியலை எந்த வரிசையில் எழுதினார்கள் என்று பாருங்கள். பெயர்களின் எழுத்து வரிசையில் அன்று. அவர்கள் வந்த ஊர்களின் வரிசையிலும் அன்று. வீடுகளின் வரிசையில் எழுதியிருக்கிறார்கள். எந்தத் தளிச்சேரி, அதில் தென்சிறகா வடசிறகா, அச்சிறகில் தலைவீடா, இரண்டாம் வீடா, மூன்றாம் வீடா என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லி, அவ்வீட்டில் இருப்பவள் பெயரையும் அவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பதையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். தெருவில் ஒருவர் நடந்து போனால் எந்த வரிசையில் வாயில்களைக் காண்பாரோ, அந்த வரிசையிலேயே கல்வெட்டும் நடக்கிறது.

இதன் நுட்பம் என்ன? 400 பெயர்களில் ஒரே பெயருடையோர் பலர். பெயரைத் திறவாகக் கொண்டிருந்தால் எந்தப் பெண்ணுக்கு எந்தப் பங்கு என்னும் குழப்பம் வந்திருக்கும். வீடோ ஒன்றே ஒன்று. மேலும், பங்கு பெற்றவர் இறந்தாலும் வேறிடம் சென்றாலும் அவருக்கு நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்யவேண்டும் என்றும், அவர்கள் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரைத் தேர்ந்து பணி செய்விக்கவேண்டும் என்றும் அக்கல்வெட்டே விதிக்கிறது. ஆகவே மனிதர் மாறினாலும் பங்கு மாறாது. திறவு நிலைத்திருக்க, மதிப்பு மட்டும் மாறிக்கொண்டே செல்லும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நெல்லளந்த கணக்கர் இதனை எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதை எண்ணி வியவாதிருக்க முடியுமா?

அடுத்துச் சொற்களின் தொகுதிக்கு வருவோம். நமக்குக் கிடைத்துள்ள நிகண்டுகளில் மிகப் பழையது திவாகரம். அதன் ஆசிரியர் திவாகரர். அவரைப் புரந்தவன் அம்பர் என்னும் ஊரின் சேந்தன். அந்த அம்பரும் நம் காவிரிப் படுகையில் அரிசிலாற்றுப் பகுதியில் உள்ளதே. இந்நூலில் 12 தொகுதிகள். தெய்வப் பெயர்கள் முதலில். பிறகு மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று அது விரிந்து செல்லும். ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் ஓரிடத்தில் திரண்டு நிற்கும்.

நிகண்டு தேடுவதற்காக எழுந்த நூல் அன்று. மனப்பாடம் செய்வதற்காக எழுந்த நூல். திண்ணைப் பள்ளியில் மாணவன் அதை நாள்தோறும் சிறிது சிறிதாக ஓதி நெஞ்சில் பதித்துக்கொள்வான். ஓதும்பொழுது உலகம் முழுவதும் ஓர் ஒழுங்கில் அவன் கண்முன் வந்து செல்லும். மரங்களுக்கு அருகே மரங்கள், ஊர்களுக்கு அருகே ஊர்கள் என்று சுற்றி வருவதற்கு அதைவிட இனிய வரிசை இல்லை. ஆனால், முன்பின் அறியாத ஒரு சொல் செய்யுளில் வந்துவிட்டால், அது எத்தொகுதியில் இருக்கும் என்று எவ்வாறு தெரிந்துகொள்வது? அது மரமா, விலங்கா என்று தெரியாதவன்தானே தேடுகிறான்? நூல் முழுவதும் நெஞ்சிலிருந்தால் அன்றி வழியில்லை.

இவ்விடர்ப்பாட்டை ஓரளவு நீக்கியது சூடாமணி நிகண்டு. மண்டல புருடர் என்னும் சமணப் புலவர் 16ஆம் நூற்றாண்டில் விருத்தப் பாக்களால் இயற்றிய நூல் இது. இதன் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைக் கூறுவது. அத்தொகுதியில் சொற்கள் ககர எதுகை முதல் னகர எதுகை வரையில் குழுக் குழுவாக நிறுத்தப்பட்டுள்ளன. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருதல் என்பது நீங்கள் அறிந்ததே. ‘பகல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் வேண்டுமா? முதலெழுத்தை விட்டுவிடுங்கள், இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். அது ககர வருக்கம். ஆகவே ககர எதுகைக்குச் செல்க. ‘கலை’ வேண்டுமா? லகர எதுகைக்குச் செல்க. அங்கே சென்றபின், அக்குழுவிலுள்ள பாக்களை மட்டும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

இந்த முறையைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். சொல்லின் வடிவிலிருந்தே ஒரு சிறு விதியினால் அது கிடக்கும் அறை எது என்று கண்டுபிடிக்கிறோம். அறைக்குள் சென்றபின் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடுகிறோம். நூல் முழுவதையும் சுற்ற வேண்டியதில்லை. இதற்கு ஈடாக நாம் இழந்தது என்ன? பொருள் ஒழுங்கு போயிற்று. எதுகையால் ஒன்றுபட்டவை என்பதைத் தவிர அச்சொற்களுக்குள் வேறு உறவில்லை. தேடுதல் எளிதாயிற்று, சுற்றி வரும் வரிசை பொருளற்றதாயிற்று. இதை நினைவில் வைத்திருங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

1594ஆம் ஆண்டில் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டு என்னும் நூலை இயற்றினார். இரண்டாம் எழுத்தை விடுத்து முதலெழுத்தின் வரிசையில் சொற்களை அடுக்கியது அந்நூல். ‘அகராதி’ என்னும் சொல்லே அகரத்தை ஆதியாக உடையது என்று பொருள்படுவதன்றோ? எனினும் அவர் முதலெழுத்தோடு நின்றுவிட்டார். அகரத்தில் தொடங்கும் சொற்கள் யாவும் ஓரிடத்தில் இருக்கும். அவற்றுக்குள் எது முன், எது பின் என்னும் வரையறை இல்லை.

அவ்வரையறையை முழுமையாக்கியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலி நாட்டில் பிறந்த அவர், தஞ்சைத் தரணிக்கு எதிரே, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என நான்கு பிரிவுகளை உடையது. முதல் எழுத்து ஒத்தால் இரண்டாம் எழுத்து, அதுவும் ஒத்தால் மூன்றாம் எழுத்து என்று சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் கருதி அடுக்கும் முறையை அவர் கையாண்டார். இன்று நாம் புரட்டும் அகராதிகள் யாவும் அவ்வழியே வந்தவை. 1924 முதல் 1936 வரையில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் அவ்வாறே அமைந்தது.

ஆயினும் வீரமாமுனிவருடைய பெருமை அகர வரிசையில் மட்டும் இல்லை. ஒரே சொற்செல்வத்தை நான்கு வழிகளில் அணுகலாம் என்று அவர் கண்டாரே, அதுவே வியத்தற்குரியது. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை அறிய ஒரு பிரிவு; ஒரு பொருளுக்குரிய பல சொற்களை அறிய வேறொரு பிரிவு; தொகைப் பெயர்களுக்கு ஒன்று; எதுகை தேடும் புலவருக்கு ஒன்று. முதற்பிரிவில் திறவாக நின்றது இரண்டாம் பிரிவில் மதிப்பாகிறது. எந்த வரிசையும் எல்லாப் பயனையும் தராது. பயனுக்கு ஏற்பவே வரிசை அமையவேண்டும் என்னும் பாடத்தை அந்நூல் சொல்லாமற் சொல்கிறது.

இதே பாடத்தைத் தஞ்சை அரண்மனையிலுள்ள சரசுவதி மகாலிலும் காணலாம். நாயக்க மன்னர் காலத்தில் வேர்கொண்டு, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரால் பெரிதும் வளர்ந்த அந்நூலகம், 1918இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அங்குள்ள வடமொழிச் சுவடிகளுக்கு, தஞ்சையில் மாவட்ட நீதிபதியாக இருந்த பர்னெல் என்பவர் எண்ணிட்டு, துறைவாரியாக ஒரு பட்டியல் தொகுத்தார். 1880இல் அது வெளிவந்தது. வேதமும் இலக்கண முதலிய கலைகளும் ஒரு பகுதி. தத்துவமும் சட்டமும் ஒரு பகுதி. நாடகம், இதிகாசம், புராணம் முதலியன ஒரு பகுதி. சுவடிக் கட்டு எங்கே கிடக்கிறதோ அங்கேயே கிடக்கட்டும். அதன் எண் மட்டும் பட்டியலில் உரிய இடத்தில் நிற்கும். பொருள் கிடக்கும் வரிசை ஒன்று. அதைத் தேடும் வரிசை மற்றொன்று. இரண்டையும் பிரித்து, இடையில் எண் என்னும் பாலத்தைக் கட்டிவிட்டால் இரண்டும் தத்தம் வழியில் செவ்வனே நடக்கும்.

இப்பொழுது கணிப்பொறிக்கு வருவோம். 1953ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்னும் ஜெர்மானியர், நிறுவனத்திற்குள் சுற்றுக்கு விட்ட ஒரு குறிப்பில் புதிய யோசனை ஒன்றைக் கூறினார். திறவைக் கொண்டே ஒரு கணக்குப் போட்டு, அது இருக்கவேண்டிய அறையின் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். ஒரே அறைக்குப் பல திறவுகள் வந்தால் அவற்றை அங்கேயே சங்கிலிபோல் கோத்து வைக்கலாம் என்பதே அது. இவ்வமைப்பு பிற்காலத்தில் ஹேஷ் அட்டவணை என்று பெயர்பெற்றது. ஹேஷ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கொத்தி நறுக்கிக் கலத்தல் என்று பொருள். திறவைக் கொத்திக் கலக்கி ஓர் எண்ணாக்கி விடுகிறார்கள் என்பதனால் அப்பெயர் வந்தது.

கணிதத்தில் விருப்பமுள்ளவர்கள் கையில் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 7 குதிர்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு 0 முதல் 6 வரை எண்கள். நான்கு மாணவர்களின் சேர்க்கை எண்கள் 215, 101, 130, 82. அவர்களுடைய சீட்டுகளை இதே வரிசையில் குதிர்களில் போடவேண்டும். விதி இதுதான்: சேர்க்கை எண்ணை 7ஆல் வகுத்து, மீதி எதுவோ அந்தக் குதிரில் இடுக. 215க்கு மீதி 5. 101க்கு மீதி 3. 130க்கு மீதி 4. 82க்கும் மீதி 5; ஆகவே அது 215க்குப் பின்னால் அதே குதிரில் கிடக்கும். இனி 130ஆம் எண் மாணவனுடைய சீட்டு வேண்டுமானால் ஏழு குதிர்களையும் துழாவவேண்டா. ஒரு முறை வகுத்துப் பார்த்து நான்காம் எண் குதிருக்கு நேரே செல்லலாம். மாணவர் நால்வராயினும் நாலாயிரவராயினும், குதிர்கள் போதுமான அளவில் இருந்தால், தேடும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றே.

இப்பொழுது அனைத்துச் சீட்டுகளையும் ஒருமுறை படித்துக்காட்டச் சொன்னால் என்ன ஆகும்? முதற்குதிரிலிருந்து நடந்து செல்கிறோம். 101, 130, 215, 82 என்று வருகின்றன. நாம் போட்ட வரிசையோ 215, 101, 130, 82. இது போட்ட வரிசையும் அன்று. எண்களின் ஏறுவரிசையும் அன்று. சரி, மாணவர் பெருகியதால் குதிர்களை 11 ஆக்குவோம். இனி 11ஆல் வகுக்கவேண்டும். 215க்கு மீதி 6. 101க்கு மீதி 2. 130க்கு மீதி 9. 82க்கு மீதி 5. நடந்து பார்த்தால் 101, 82, 215, 130. சீட்டுகள் அவையே; மாணவர்களும் அவர்களே; ஆனால் வரிசை மீண்டும் மாறிவிட்டது. சூடாமணி நிகண்டில் எதுகையால் அறை கண்டோம்; இங்கே மீதியால் அறை காண்கிறோம். அங்கே பொருள் ஒழுங்கு போனதுபோல இங்கே வந்த ஒழுங்கு போயிற்று. தேடும் விரைவுக்கு நாம் கொடுத்த விலை இது.

ஆகவே இத்தகைய அட்டவணையைச் சுற்றி வரும்பொழுது எந்த வரிசையையும் எதிர்பாராதே என்று நிரல்மொழி நூல்கள் எச்சரித்தன. எனினும் ஓர் உறுதியைப் பல மொழிகள் அளித்தன. திறவுகளை மட்டும் ஒருமுறையும் மதிப்புகளை மட்டும் மறுமுறையும் கேட்டால், இடையில் எதனையும் சேர்க்காமலும் நீக்காமலும் இருக்கும்வரை, இரண்டும் ஒரே வரிசையில் வரும். மூன்றாம் திறவுக்கு மூன்றாம் மதிப்பே உரியது. காரணம் எளிது: இரண்டு முறையும் அதே குதிர்களை அதே வழியில் நடந்து பார்க்கிறோம். இடையில் ஒருவர் வந்து குதிர்களின் எண்ணிக்கையை மாற்றிவிட்டால், அந்த உறுதி அக்கணமே நீங்கிவிடும். என் பட்டியலில் நடந்தது இதுவேயன்றோ? பெயர்களை ஒரு வரிசையிலும் எண்களை வேறொரு வரிசையிலும் நடந்து பார்த்துவிட்டு, இரண்டையும் ஒன்றாகப் பொருத்தினேன்.

வரிசை உறுதியில்லை என்று சொன்னாலும் மக்கள் கேட்பதில்லை. பத்து முறை ஒரே வரிசையில் வந்தால், அதுவே விதி என்று நம்பி அதன்மேல் வீடு கட்டிவிடுகிறார்கள். பதினோராவது முறை அது மாறும்பொழுது கட்டடம் சரிகிறது. இதனினும் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. எந்தத் திறவு எந்தக் குதிருக்குச் செல்லும் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தால், தீயவன் ஒருவன் எல்லாத் திறவுகளும் ஒரே குதிரில் விழுமாறு பொறுக்கி எடுத்து அனுப்பலாம். அப்பொழுது ஒரு குதிர் நிரம்பி வழிய, மற்றவை வெறுமையாகக் கிடக்கும். தேடுதல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, கணிப்பொறி மூச்சுத் திணறி நின்றுவிடும். 2003ஆம் ஆண்டில் கிராஸ்பி, வாலக் என்னும் இரு ஆராய்ச்சியாளர் இதனை விளக்கி எழுதினர். 2011 டிசம்பரில் பெர்லின் நகரில் நடந்த மாநாடு ஒன்றில், வலைத்தளங்களை இயக்கும் பல மொழிகளில் இக்குறை இன்னும் இருப்பதை எடுத்துக் காட்டினர்.

இதற்குக் கண்ட மருந்து என்ன? பானையைக் குலுக்குதல். ஆம், உத்தரமேரூர்ச் சபையார் செய்ததே அது. முதற் பராந்தகனுடைய காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, நன்றாகக் கலையும்படி குலைத்து, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். எந்த ஓலை முன்னே வரும் என்று எவரும் கணிக்க முடியாதபடி செய்வதே அதன் நோக்கம். கணிக்க முடியாதது எதுவோ அதை எவரும் தமக்குச் சாதகமாக வளைக்கவும் முடியாது.

நிரல்மொழிகளை ஆக்குவோரும் அவ்வழியையே மேற்கொண்டனர். பைத்தான் மொழி 2012ஆம் ஆண்டின் பதிப்பில், ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்பொழுதும் ஓர் இரகசிய எண்ணைத் தற்செயலாக எடுத்து, சொற்களைக் கொத்தும் கணக்கில் கலந்தது. பெர்ல் மொழி 2013இல் திறவுகள் வரும் வரிசையையே ஓட்டத்துக்கு ஓட்டம் மாறச் செய்தது. ஆயினும் திறவுகளும் மதிப்புகளும் தமக்குள் ஒத்த வரிசையில் வரும் என்னும் பழைய உறுதியை அது கைவிடவில்லை. 2012இல் முதற்பதிப்பு கண்ட கோ என்னும் மொழியோ, வரிசையை நம்பி எவரும் ஏமாறக்கூடாது என்பதற்காகவே சுற்றைத் தொடங்கும் இடத்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைத்தது. வரிசை இல்லை என்று வாயால் சொல்வதைக் காட்டிலும், குலுக்கிக் காட்டுவது நல்ல ஆசிரியர் செயல் என்பேன்.

கதை இத்துடன் முடியவில்லை. தேடும் விரைவும் வேண்டும், வந்த வரிசையும் கெடக்கூடாது என்போர் என் செய்வது? அதற்குச் சரசுவதி மகால் வழி இருக்கிறதே! சுவடிகள் ஓரிடத்தில் தம் எண் வரிசையில் கிடக்கட்டும்; தேடும் பட்டியல் தனியே இருக்கட்டும். 2016இல் வெளிவந்த பைத்தான் பதிப்பு ஏறக்குறைய இதனையே செய்தது. திறவும் மதிப்பும் சேர்ந்த இணைகள் வந்த வரிசையிலேயே ஒரு நீண்ட ஏட்டில் எழுதப்படும். குதிர்களில் இணைகள் இரா. அந்த ஏட்டில் எத்தனையாவது வரி என்னும் எண் மட்டும் இருக்கும். தேடுவோர் குதிருக்குச் சென்று எண்ணைப் பெற்று ஏட்டுக்கு வருவர். சுற்றி வருவோர் குதிர்ப் பக்கமே போகாமல் ஏட்டை முதலிலிருந்து படித்துச் செல்வர். இடமும் மிச்சமாயிற்று, வரிசையும் பிழைத்தது. முதலில் இது தற்செயலாகக் கிட்டிய நன்மை, இதனை நம்பவேண்டா என்றே அம்மொழியார் கூறினர். 2018ஆம் ஆண்டின் 3.7ஆம் பதிப்பிலிருந்துதான், சேர்த்த வரிசையிலேயே வரும் என்பதை மொழியின் விதியாக ஏற்று உறுதி அளித்தனர். ஜாவா மொழி 2002ஆம் ஆண்டிலேயே வரிசையைக் காக்கும் அட்டவணை ஒன்றைத் தனியே அளித்திருந்தது. அதன் பொது அட்டவணைக்கோ அவ்வுறுதி இல்லை.

மாணவர்களே, ஒரு வேற்றுமையை இங்கே நன்கு உணரவேண்டும். ஒரு வரிசை இருப்பது வேறு. அது இருக்கும் என்று வாக்களிக்கப்பட்டிருப்பது வேறு. 2016இல் பைத்தானில் வரிசை இருந்தது; வாக்கு இல்லை. 2018இல் வாக்கும் வந்தது. தஞ்சைக் கல்வெட்டில் தலைவீடு, இரண்டாம் வீடு என்னும் வரிசைக்கு அரசனுடைய ஆணையே வாக்கு. நிகண்டின் வரிசைக்குச் செய்யுளின் கட்டுக்கோப்பே காவல். ஒரு சொல்லை இடம் மாற்றினால் தளை தட்டும். அகராதியின் வரிசைக்கு நெடுங்கணக்கே சான்று. ஆனால் ஒரு குதிரில் விழுந்த சீட்டுகளின் வரிசைக்கு எவர் சாட்சி? எவரும் இல்லை. ஆகவே எந்தப் பட்டியலைக் கண்டாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது எந்த வரிசையில் இருக்கிறது? அந்த வரிசைக்குப் பொறுப்பேற்றவர் யார்?

என் அனுபவத்தில் கண்ட எளிய விதி ஒன்றையும் கூறிவிடுகிறேன். பெயரையும் அதற்குரிய மதிப்பையும் ஒருபொழுதும் தனித்தனித் தாளில் பிரித்து எழுதாதீர்கள். எழுத நேர்ந்தால், இரண்டிலும் சேர்க்கை எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். பிறகு எவர் எவ்வாறு கலைத்து அடுக்கினாலும் எண்ணைக் கொண்டு பொருத்திவிடலாம். கணிப்பொறியில் நிரல் எழுதும் இளைஞர்களும், திறவுகளை ஒரு சுற்றிலும் மதிப்புகளை மறு சுற்றிலும் வாங்குவதைக் காட்டிலும், இரண்டையும் இணையாகவே ஒரு சுற்றில் வாங்கக்கூடும். பல மொழிகளில் அதற்கு வழி உண்டு.

அந்தச் சிறுவனைப் பற்றிக் கூறி முடிக்கிறேன். மறுநாள் காலையில் அவன் பள்ளிக்கு வந்தான். வகுப்பு முழுவதும் இருக்கும்பொழுது, பிழை என்னுடையது என்று கூறி, நாற்பத்தொருவருடைய எண்களையும் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் படித்தேன். அவன் பெயரும் 78 என்னும் எண்ணும் வந்தபொழுது அவன் எழுந்து நின்றான். முன்போலவே ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று முதல், நான் எந்தப் பட்டியலைப் படித்தாலும் அவன் தன் எண்ணைத் தன் ஏட்டில் முன்னமே குறித்து வைத்துக்கொண்டு, நான் படிப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைக் கண்டேன். அதை நான் தடுக்கவில்லை. மற்ற மாணவர்களையும் அவ்வாறே செய்யச் சொன்னேன். பணி ஓய்வு பெறும்வரையில் என் வகுப்புகளில் அவ்வழக்கம் நீடித்தது.